திருமலையிலிருந்து (திருகோணமலை) ஒரு ரொக் பாட்டு: குரல் ஏன் இவ்வளவு உள்ளே கிடக்கிறது?

உப்புக்காற்று (சனி, காலை 7.20)

நேற்று இரவு நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் தங்கள் முதல் சிங்கிளை யூரியூப்பிலும் ஸ்பொட்டிபையிலும் விட்டிருக்கிறார்கள். பாடுவதும் தாளக் கிற்றார் வாசிப்பதும் ஒரு பெட்டை. பேஸ் (தாழ்ந்த சத்தக் கிற்றார்) வாசிப்பதும் பெட்டைதான். லீட் கிற்றாரும் ட்ரம்ஸும் பெடியள். பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு உயர்தரப் பரீட்சை முடியவில்லை, இன்னொருத்தியின் வீட்டில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. ஆகவே 'பாட்டு' என்றே எழுதுகிறேன். இணைப்பு வாட்ஸப்பில் சுற்றுகிறது, கிடைக்காதவர்கள் தனிமடலில் கேளுங்கள்.

நான் இருபது வருடமாகக் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட்ஸ் போடுகிறவன். ரொக் பண்டிதன் கிடையாது. ஆனாலும் இந்த ஊரிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. முதல் 48 விநாடி கடலும் ஒரு கிற்றாரும் மட்டும். இணையத்தில் இறக்கிய கடல் மாதிரித் தெரியவில்லை. நடுவில் தூரத்தில் ஒரு படகு எஞ்சின் இருமிக்கொண்டு போகிறது, ஒரு காகம் கரைகிறது. அப்புறம் நாலு பேரும் ஒன்றாக விழுகிறார்கள். மேசையில் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது.

பாட்டு கச்சானைப் பற்றியது. (வெளிநாட்டில் இருப்பவர்கள் கடலையை நினைக்கவேண்டாம். ஆனி ஆடியில் தரையைச் சுட்டுக்கொண்டு மேற்கிலிருந்து வருமே, அந்தக் காற்று.) கோரஸில் இருப்பது இரண்டே சொல்: கதவைச் சாத்து. நம் எல்லோருடைய அம்மாவும் அந்த மாதங்களில் நாளுக்குப் பத்துத் தரம் சொல்வதுதான். அதை அவள் முதலில் அம்மா மாதிரியே சலிப்பாகச் சொல்கிறாள், அடுத்த முறை கேள்வி மாதிரிக் கேட்கிறாள், மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்துகிறாள். நாலாவது கோரஸில் அவள் வாயே திறக்கவில்லை, கிற்றார் மட்டும் ஓடுகிறது. அந்த இடத்தில் நான் தனியாக அறையில் இருந்து 'கதவைச் சாத்து' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனிசி வந்து எந்தக் கதவு என்று கேட்டாள்.

ஒரே ஒரு குறை. குரல் கிற்றாருக்குப் பின்னால் போய் ஒளிந்த மாதிரிக் கிடக்கிறது. தொழில்காரன் காதுக்கு அது உறுத்துகிறது. வேண்டுமென்று செய்தார்களா, தெரியாமல் நடந்ததா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றான் (சனி, காலை 8.05)

மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் 'கதவைச் சாத்து' என்பதைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டாம் தரம் 'காய்ந்த துணியை எடு' விளங்கியது. மூன்றாம் தரம் மின்சாரம் போய்விட்டது. பேஸ் வாசிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், என் போனில் பேஸே இல்லை.

ஆறாம்தந்தி (சனி, காலை 9.40)

பாலையூற்றான், போனில் பேஸைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இவர்கள் ஆறாவது தந்தியை ஈ யிலிருந்து டீ க்கு இறக்கி வாசிக்கிறார்கள், 82 ஹேர்ட்ஸிலிருந்து 73க்கு. பேஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, கிட்டத்தட்ட 37. போன் ஸ்பீக்கர் 200க்குக் கீழே பெரிதாக ஒன்றும் தராது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அந்தப் பிள்ளை இரண்டாவது சரணத்தில் என்ன செய்கிறாள் என்று தெரியும். கிற்றார்கள் ஒரே இடத்தில் நிற்க அவள் மட்டும் படியிறங்கிப் போகிறாள்.

உப்புக்காற்று அண்ணாவுக்கு: குரல் உள்ளே இருப்பது குறை இல்லை, அது ஒரு பாணி. நம் காது திரைப்பாட்டில் வளர்ந்த காது. அங்கே பாடகர் வாசலில் நிற்பார், வாத்தியங்கள் பின்வளவில் நிற்கும். ரொக்கில் ஒரு பிரிவு குரலையும் இன்னொரு கிற்றாராகத்தான் எண்ணும். மை பிளடி வலன்டைன் என்ற குழு 1991 இல் வெளியிட்ட 'லவ்லெஸ்' அல்பம் முழுக்க அப்படித்தான், சொல்லைத் தேடித்தான் எடுக்கவேண்டும். ஷூகேஸ் என்பார்கள், மேடையில் கீழே பெடல்களைப் பார்த்துக்கொண்டு வாசிப்பதால் சப்பாத்தைப் பார்க்கிறவர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் வைத்த நக்கல் பெயர். இந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டுமென்று செய்ததுதான்.

கிற்றாரில் அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் பவர் கோர்ட். அதில் மூன்றாம் சுரம் கிடையாது, ச வும் ப வும் மட்டும். மேஜரும் இல்லை மைனரும் இல்லை. டிஸ்டோர்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) போட்ட பிறகு மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் சத்தம் கூழாகிவிடும், அதனால்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ச வும் ப வும் என்றால் அது நம் தம்புராதானே. ஒரு அம்ப்புக்குள் தம்புராவைப் போட்டுக் கொதிக்கவைத்த மாதிரி. அதனால்தான் அவள் மேலே எந்த இராகத்தில் இழுத்தாலும் இடிக்கவில்லை.

சாமத்துக்கோழி (சனி, முற்பகல் 11.15)

யாரும் சொல்லைப் பற்றிப் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

தமிழில் ரொக் எழுதுவது கஷ்டம் என்று சொல்பவர்கள் 'சாத்து' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கவேண்டும். 'சா' நெடில், எவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வாய் முழுக்கத் திறக்கும், கத்துவதற்கு ஆகாரத்தைவிட நல்ல எழுத்து இல்லை. அதன் பிறகு 'த்து', கதவு அடிபடும் சத்தம். ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி சரியாக அந்த 'த்து'வில் ஸ்நேர் ட்ரம்மை அடிக்கிறார். இதே இடத்தில் 'மூடு' என்று போட்டிருந்தால் பாட்டே இல்லை. கத்திப் பாருங்கள், உதடு குவிந்துகொள்ளும்.

அவளுடைய உச்சரிப்பு இன்னொன்று. சினிமாத் தமிழில் பாடவில்லை, செய்தி வாசிக்கும் தமிழிலும் பாடவில்லை. வீட்டில் கதைப்பது போலவே 'அண்ணை வரட்டும்' என்கிறாள். டொலோரஸ் ஓ'ரியோர்டன் அயர்லாந்தின் லிமரிக் ஊர்ப் பேச்சை மறைக்காமல் பாடியதால்தானே கிரான்பெரீஸ் பாட்டை முதல் வரியிலேயே அடையாளம் பிடிக்கிறோம்? அமெரிக்கப் பாவனையில் பாடியிருந்தால் நூறு குழுக்களில் ஒன்று.

தலைப்பில் 'பெண் குரல்' என்று போடாததற்கு உப்புக்காற்று அண்ணாவுக்கு நன்றி. வாட்ஸப்பில் எல்லோரும் 'திருமலையின் முதல் பெண் ரொக்' என்று அனுப்புகிறார்கள். பெண் ரொக் என்று ஒரு வகை எங்கே இருக்கிறது? 1975 இல் முதல் அல்பம் வெளியிட்ட பற்றி ஸ்மித்துக்கும் (பாட்டி என்று எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது) பீ.ஜே. ஹார்விக்கும் பரமோருக்கும் என்ன ஒற்றுமை? ஆண்கள் பாடினால் ஆண் ரொக் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஆறாம்தந்தி, குரலைப் புதைத்ததைப் பாணி என்று நீங்கள் கொண்டாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டை முதல் தடவை வாய் திறக்கிறாள், அவளுடைய சத்தத்தைக் குறைத்து இரண்டு கிற்றாருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். மிக்ஸ் செய்தது (சத்தங்களை அளவு பார்த்துக் கலந்தது) யார்? பெடியன்தானே?

பெரியகடைவாசி (சனி, பகல் 1.30)

கேட்டேன். தலையிடி. பெண்பிள்ளை இப்படிக் கத்தினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? நாதஸ்வரமும் தவிலும் பறையும் உள்ள இனத்துக்கு வெள்ளைக்காரனின் இரைச்சல் எதற்கு என்று தெரியவில்லை. கோணேசர் மலையடியில் பிறந்த பிள்ளைகள் பதிகம் பாடலாமே.

உப்புக்காற்று (சனி, பகல் 1.50)

அண்ணை, உங்கள் மகளின் கலியாணத்துக்குச் சவுண்ட்ஸ் போட்டது நான்தான். இரவு பத்து மணிக்குப் பைலா போடச் சொல்லி வந்து நின்றது யார் என்று இங்கே எழுதட்டுமா? பைலா ஆட்டப்பாட்டு போர்த்துக்கேயர் வழி வந்தது.

மிருதங்கப்பெடியன் (சனி, பகல் 2.20)

பெரியகடை ஐயா, வயலினும் வெள்ளைக்காரனுடையதுதான். பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருடம் ஆகிறது, இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

பதிகத்துக்கு வருகிறேன். சம்பந்தர் கோணமலையைப் பாடும்போது கடலின் இரைச்சலையும் சேர்த்துத்தான் பாடினார், பல பாட்டுகளில் குரைகடல் வருகிறது. புறநீர்மைப் பண், இன்று பூபாளத்தில் பாடுகிறார்கள். சுவாமி மலையில் நின்று அதைப் பாடிப் பாருங்கள், கீழே இராவணன் வெட்டுப் பக்கம் அடிக்கிற அலை உங்கள் குரலை விழுங்கும். இந்த ஊரில் யார் பாடினாலும் கடலோடு சண்டை பிடித்துத்தான் பாடவேண்டும்.

கத்துவதைப் பற்றி: பெண்கள் கத்திப் பாடுவது நமக்குப் புதிதா? ஒப்பாரி கேட்டதில்லையா?

கொட்டியாரக்குடா (சனி, மாலை 4.45)

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மூதூர்ப் பக்கம். ரொக் எல்லாம் எனக்குத் தெரியாது, மகன் போட்டுக் காட்டினான்.

அந்தக் கோரஸில் அவள் ஒரு தரம் சொல்ல மற்றவர்கள் மூன்று பேரும் 'சாத்து' என்று திருப்பிச் சொல்கிறார்கள் அல்லவா, அது அம்பா, வலை இழுக்கிற பாட்டு. எங்கட வாப்பா கரைவலை இழுத்தவர். சின்ன வயதில் விடிய எழும்பி அவருடன் போவேன். ஒருவர் முன்னுக்குச் சொல்வார், கயிற்றில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். சொல் விழும் இடத்தில்தான் கை இழுக்கும், சொல் பிந்தினால் வலை சரியும். இந்தப் பாட்டிலும் சத்தம் விழும் இடம் அதுவேதான். கயிறு இழுக்கிற ஆளுக்கு அது உடம்பில் தெரியும். மகனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. இங்கே படித்த ஆட்கள் இருக்கிறீர்கள், நான் சொல்வது சரியா?

மிருதங்கப்பெடியன் (சனி, மாலை 5.10)

நானா, நூற்றுக்கு நூறு. எண்ணிப் பார்த்தேன். சரணம் நாலு எண்ணிக்கையில் போகிறது, கோரஸில் ஆறாகிறது. இழுவைக்கு இரண்டு, மூச்சுக்கு ஒன்று, அதே மாதிரி மறுபடியும். நான் அதைப் பைலாவின் ஆறு என்று நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். பைலா என்றால் துள்ளும். இது துள்ளவில்லை, பின்னுக்குச் சாய்கிறது. நீங்கள் சொன்ன பிறகுதான் ஏன் என்று விளங்கியது.

ரொறன்ரோத்திருமலை (சனி, இரவு 8.30)

வணக்கம் பிள்ளைகள். எனக்கு இங்கே காலை. பனிக்குள் இருந்து கச்சானைப் பற்றிய பாட்டுக் கேட்கிறேன், இதுவும் ஒரு வாழ்க்கை.

உப்புக்காற்று தம்பி இந்த ஊரிலிருந்து இப்படிச் சத்தம் வந்து கேட்டதில்லை என்கிறார். வயது போதாது என்று நினைக்கிறேன். எங்கள் காலத்தில் பரமேஸ், கோணேஸ் என்று இரண்டு சகோதரர்கள், திருமலைக்காரர். கிற்றாரும் கையுமாகத் தமிழில் பொப் பாடினார்கள், இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் கொடிகட்டிய எழுபதுகள் அவை. அப்போதும் பெரியகடைவாசி மாதிரி ஆட்கள் இருந்தார்கள், இது என்ன டப்பாங்குத்து என்று. நாங்கள் வானொலிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பெயரை அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்பதற்காகவே.

அப்போது பாடியவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதும் உண்மைதான். பெட்டைகள் சபாவில் பாடினார்கள், தேவாலயத்தில் பாடினார்கள். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்லவேண்டும். என் தங்கைக்கு நல்ல குரல், அவ்வளவுதான் சொல்லலாம்.

இன்னொன்று. உங்களுக்கு இந்தப் பாட்டு காற்றைப் பற்றியது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. 'கதவைச் சாத்து, விளக்கை அணை, அண்ணை வரட்டும்' என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். எண்பதுகளில் எங்கள் வீட்டில் அந்த மூன்றையும் அதே வரிசையில் அம்மா சொன்னா. காற்றுக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்கு இது தெரிந்து எழுதினாளா என்று அறிய ஆசை.

சாமத்துக்கோழி (சனி, இரவு 9.05)

அங்கிள், இதை நீங்கள் எழுதிய பிறகு இன்னொரு தரம் போய்க் கேட்டேன். வேறு பாட்டாக இருக்கிறது.

பாடுகிறவளுக்குப் பத்தொன்பது வயது என்கிறார்கள். அப்படியென்றால் போர் முடிந்த 2009 இல் அவள் குழந்தை. அவளுக்கு நேரே தெரிந்திருக்க முடியாது. ஆனால் அந்த வரிசை அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அம்மாவுக்கு அம்மம்மாவிடமிருந்து. காரணம் போய்விட்டது, சொல்கிற வரிசை மட்டும் வீட்டில் மிஞ்சியிருக்கிறது.

கிரான்பெரீஸ் என்று காலையில் சும்மா உச்சரிப்புக்காகத்தான் சொன்னேன். அவர்களுடைய 'சோம்பி' 1993 இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் குண்டு வெடித்து இரண்டு சிறுவர்கள் இறந்த பிறகு எழுதியது. அதில் அவர் நேராகவே கோபப்படுகிறார். இவள் கோபத்தைக் காற்றுக்குள் வைத்திருக்கிறாள்.

பெரியகடைவாசி (சனி, இரவு 9.40)

ரொறன்ரோ அண்ணர் எழுதியதை வாசித்தேன். நாங்களும் அப்படித்தான் சாத்தினோம். தலையிடி என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். இரைச்சல் இரைச்சல்தான், அதில் மாற்றமில்லை.

இரண்டாம்வரிசை (சனி, இரவு 11.50)

ஒரு நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருந்தேன், இனித் தாங்க முடியாது. ட்ரம்ஸ் வாசிக்கிறவன் என் சித்தியின் மகன். ஒலிப்பதிவு நடந்த எல்லா இரவும் நான் அங்கே இருந்தேன், தேத்தண்ணி ஊற்றினது நான்தான்.

முதலில் குரல். பாணியும் இல்லை, ஆணாதிக்கமும் இல்லை. மன்னிக்கவும் ஆறாம்தந்தி, மன்னிக்கவும் சாமத்துக்கோழி அக்கா. பதிவு செய்தது ஒரு மேல்மாடி அறையில், மாசி மாதம், இரவு பதினொரு மணிக்குப் பிறகு. பகலில் காகம், ஓட்டோ, ஒலிபெருக்கி. இரவிலும் பக்கத்து வீட்டில் மூன்று மாதக் குழந்தை. அறைக் கதவு சாத்தாது. வாடை மழைக்கு ஊறி வீங்கினது, மாசி வரைக்கும் இறங்கவில்லை. (ஓம், கதவைச் சாத்து என்ற பாட்டைக் கதவு சாத்தாத அறையில்தான் பதிந்தோம். சிரித்து முடித்துவிட்டோம், நீங்களும் சிரிக்கலாம்.) கதவில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிற்பாட்டி, அவள் வேர்த்து ஒழுக ஒழுகக் கிசுகிசுத்த மாதிரித்தான் சரணங்களைப் பாடினாள். மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தோம், கிட்டே வைத்தால் மூச்சு அடிக்கிறது என்று. பிறகு குரலைத் தூக்கினால் கீழ்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து எழும்பி வருகிறது. அதனால் இறக்கி வைத்தார்கள். மிக்ஸ் செய்தது பேஸ் வாசிக்கும் பிள்ளை.

கத்துகிற இடத்தை அங்கே எடுக்கவே முடியவில்லை. குழந்தை எழும்பிவிடும், பிறகு தெருவே எழும்பிவிடும். ஊருக்குள் எங்கே போய் அப்படிக் கத்துவது? டச்சுக்குடாவில் மாலையில் போய்க் கத்தினால் ஆட்கள் ஓடி வந்து என்ன பிள்ளை என்று கேட்பார்கள். ஒரு தரம் கேட்டார்கள். கடைசியில் பங்குனியில் கடல் ஆறினதும் தம்பியின் மாமா படகில் ஏற்றிக்கொண்டு போனார். கரை சின்னதாகத் தெரியும் தூரத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, போனை ஒரு துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் கத்தினாள். ஒன்பது தரம். மாமா முதல் தரம் பயந்துவிட்டார், நாலாம் தரத்தில் அவரும் சேர்ந்து கத்தினார். கொட்டியாரக்குடா நானா, அந்த 'சாத்து' என்று திருப்பிச் சொல்கிற சத்தத்தில் ஒன்று அவருடையது. அவரும் கரைவலை இழுத்த ஆள். எங்கே விழவேண்டும் என்று காட்டினது அவர்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டால் கத்தலுக்குக் கீழே முழுக்கக் கடல். பிரிக்கவே முடியவில்லை. நடுப்பாட்டில் திடீரென்று கடல் சத்தம் வந்தால் ஆட்கள் பிழை என்று நினைப்பார்கள் என்று யோசித்து, அதே கடலை முதலிலேயே 48 விநாடி போட்டுவிட்டோம். முன்னுக்கே கேட்ட சத்தம் பிறகு வந்தால் பிழையாகத் தெரியாது அல்லவா? அவ்வளவுதான் அதன் கதை.

ரொறன்ரோ அங்கிளுக்கு: அவளிடம் இன்று கேட்டேன். அம்மா சொல்வதை அப்படியே எழுதினாளாம், விளக்கு ஏன் அணைக்கவேண்டும் என்று தனக்கே தெரியாதாம். உங்கள் பதிவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு எழும்பிக் குசினிக்குள் அம்மாவிடம் போய்விட்டாள்.

ஆறாம்தந்தி (ஞாயிறு, காலை 6.30)

லவ்லெஸ் என்று ஒரு பந்தி எழுதினேனே. குளிர்சாதனப் பெட்டியா?

பாலையூற்றான் (ஞாயிறு, காலை 6.45)

ஆறாம்தந்தி அண்ணா, அதுவும் ஒரு பாணிதான்.

சாமத்துக்கோழி (ஞாயிறு, காலை 7.30)

மிக்ஸ் செய்தது பெடியன்தானே என்று நான் கேட்டது தப்பு. அந்தப் பேஸ் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனாலும் ஒன்று: ஒரு பெட்டை கத்துவதற்குக் கடலுக்குள் போகவேண்டியிருந்தது. என் கோபம் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன்.

சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவில் இசைவாணி கானா பாடி மேடையேறினார், 2018 இல். அதுவரை ஆண்கள்தான் பாடுவார்கள் என்றிருந்த பாட்டு அது. இடம் தானாகக் கிடைக்காது, யாராவது படகு கொண்டுவர வேண்டும்.

உப்புக்காற்று (ஞாயிறு, காலை 8.10)

இரவு நித்திரை இல்லை. இரண்டாம்வரிசை, தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன்.

தொழில் விஷயம் சொல்கிறேன். ஒரு முழம் தள்ளி வைத்ததுதான் பிழை. மைக்கிலிருந்து வாய்க்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், குளிர்சாதனப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு முழத்தை அரை முழம் ஆக்குங்கள். மூச்சு அடித்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் சரித்து வையுங்கள். நைலோன் காலுறையைக் கம்பி வளையத்தில் கட்டி முன்னால் பிடித்தாலும் போதும், காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. ரொம்பக் கிட்டே போனால் குரல் கனத்துவிடும், அதைப் பிறகு கீழ்ப்பக்கம் வெட்டிக்கொள்ளலாம். மேடைக்குப் பாவிக்கும் சாதாரண டைனமிக் மைக்தான் இந்த மாதிரி அறைக்கு நல்லது. கொண்டென்சர் மைக் என்றால் அடுத்த வீட்டுக் குழந்தையின் விக்கலும் கேட்கும்.

என்னிடம் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. சன்னல் இல்லை, சுற்றிவர மரமும் துணியும். திருவிழா இல்லாத நாளில் சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளட்டும். காசு வேண்டாம். பாட்டை மறுபடி பதியலாம்.

ஆறாம்தந்தி (ஞாயிறு, காலை 8.40)

மறுபடி பதியவேண்டாம்! அந்தக் கடல் போய்விடும். துவாயில் சுற்றின போனில் எடுத்த கத்தலை எந்த அறையிலும் திருப்பி எடுக்க முடியாது.

மிருதங்கப்பெடியன் (ஞாயிறு, காலை 9.00)

சரணத்தை மட்டும் பதியலாமே?

ஆறாம்தந்தி (ஞாயிறு, காலை 9.05)

அதையும் தொடவேண்டாம். கிசுகிசுத்துக்கொண்டு இருந்தவள் வெளியே வந்து கத்துகிறாள் என்பதுதானே பாட்டு. சரணத்தில் அவள் குரல் தெளிவாக இருந்தால் கத்தலுக்கு என்ன வேலை?

உப்புக்காற்று (ஞாயிறு, காலை 9.30)

நேற்று பாணி என்றீர்கள், இன்று கதை என்கிறீர்கள். எப்படியோ என்னைத் தோற்கடித்துவிடுகிறீர்கள். சரி, விடுவோம்.

கொட்டியாரக்குடா (ஞாயிறு, காலை 10.20)

அந்த மாமாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். எந்தக் கரையில் இழுத்தவர் என்று கேட்டுச் சொல்லுங்கள், வாப்பாவைத் தெரிந்திருக்கும்.

ரொறன்ரோத்திருமலை (ஞாயிறு, மாலை 6.15)

இங்கே நண்பர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பினேன். ஒருவன் முதல் விநாடிகளிலேயே நிறுத்திவிட்டு, பாட்டு எங்கே வெறும் கடல்தானே என்கிறான். ஸ்பொட்டிபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தரம் கேட்டதாக எண்ணுவார்களாம், ஒரு வருடத்தில் ஆயிரம் தரம் எட்டாத பாட்டுக்கு 2024 இலிருந்து சதமும் இல்லையாம். மகன் சொன்னான். ஆகவே தயவுசெய்து கடலைப் பொறுமையாகக் கேட்கச் சொல்லி எல்லோருக்கும் அனுப்புங்கள். மெத்த ஒன்றும் வராது, ஒரு செற் தந்திக்காவது வரட்டும்.

இரண்டாம்வரிசை (ஞாயிறு, இரவு 7.00)

தந்திக்கு வந்தால் பெரிய காரியம் அங்கிள். உப்புக்காற்றில் (அண்ணாவைச் சொல்லவில்லை) தந்தி மூன்று வாரத்தில் துருப்பிடிக்கிறது. 2022 இல் விலை ஏறினது பிறகு இறங்கவே இல்லை. வாசித்து முடிந்ததும் துணியால் துடைத்து, அரிசிப் பைக்குள் வைக்கிறார்கள்.

உப்புக்காற்று அண்ணா, பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தப் பாட்டை அப்படியே விடுகிறார்களாம். ஆனால் இரண்டாவது பாட்டு இருக்கிறது, பாதி எழுதியாகிவிட்டது. அதற்கு உங்கள் அறை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அம்மாவும் வருகிறாவாம். பாட இல்லை, பார்க்க.

உப்புக்காற்று (ஞாயிறு, இரவு 7.10)

வரும் சனிக்கிழமை வாருங்கள். அதற்கு அடுத்தது எனக்குத் திருவிழா. தரை சீமெந்து, எதிரொலி வரும். மெத்தை ஒன்று கொண்டுவந்தால் நல்லது, என்னிடம் பெட்டிகள்தான் இருக்கிறது.

இரண்டாம்வரிசை (ஞாயிறு, இரவு 7.15)

மெத்தை இருக்கிறது. ஓட்டோவில் ஏறுமா?

பாலையூற்றான் (ஞாயிறு, இரவு 7.20)

பஞ்சு மெத்தையா, தும்பு மெத்தையா?

இரண்டாம்வரிசை (ஞாயிறு, இரவு 7.22)

தும்பு.

பாலையூற்றான் (ஞாயிறு, இரவு 7.25)

அப்போது மடியாது. என் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவருகிறேன், ட்ரம்ஸையும் அதிலேயே ஏற்றலாம். எத்தனை மணிக்கு?